பிரெஞ்சு ஓபராவும் சவிரிமுத்து அங்கிளின் பாடற்குழுவும்

காதலிக்கிற ஆண்பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் "தெரியும்" என்றுதான் சொல்வான். நீந்தத் தெரியுமா? தெரியும். புட்டு அவிக்கத் தெரியுமா? தெரியும். என்னிடம் கேட்கப்பட்டது இன்னும் கொஞ்சம் பெரிய கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நகைச்சுவை ஓபரா ஒன்றைத் தமிழில் எழுதித் தரத் தெரியுமா? கேட்டவள் நிலானி. ஆகவே நானும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். (எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் சுப்பர்மார்க்கெட்டில் நீளப் பாண் ரொட்டி அடுக்கியிருக்கும் தட்டில் எழுதியிருக்கும்.)

அப்போது நான் மெல்பேர்னுக்கு வந்து சில வருடங்கள்தான். கிரெய்கிபர்னில் வாடகை அறை, ஏசி பூட்டுவதும் திருத்துவதும் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு வரிகளைத் திரையில் போடுவது என் தொண்டு. பக்தியால்தான் அந்த வேலையை எடுத்தேன் என்று மன்னாரில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். உண்மை என்னவென்றால், கணினி இருந்த மூலையிலிருந்து பார்த்தால் பாடற்குழுவின் இரண்டாம் வரிசை நேராகத் தெரியும். அந்த வரிசையில் மூன்றாவது ஆள் நிலானி.

நிலானி பகலில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள். மாலையில் ஊரிலுள்ள சின்ன ஓபராக் குழுவொன்றில் பாடினாள். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பூக்கடைக்காரி ஒருத்தி, இரண்டு நேர்ஸ்மார், இப்படிப் பாட்டுப் பைத்தியம் பிடித்த கொஞ்சப் பேர். நடத்தியவர் ஹெலன் என்ற வெள்ளைக்கார அம்மா, பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர்கள் அந்த வருடம் எடுத்த ஓபராவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்கு இன்றைக்கும் அது வாயில் நுழையாது.

கதை மட்டும் சுலபமானது. ஒரு பணக்காரக் கிழவர். அவருடைய பொறுப்பில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண். சொத்து வெளியே போகக்கூடாது என்று கிழவர் அவளைத் தானே கட்டிக்கொள்ளத் திட்டம் போட்டு வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார். வீட்டு வேலைக்காரி கிழவரை நன்றாக ஏய்த்து, பெண்ணை அவள் விரும்பியவனோடு அனுப்பிவைக்கிறாள். (இருநூற்றைம்பது வருடமாகியும் நம்முடைய தொலைக்காட்சித் தொடர்காரர்கள் இதைத்தான் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.) வேலைக்காரி வேடம் நிலானிக்கு. முதல் அங்கத்தில் அவள் கிழவரைப் பார்த்து, சன்னலைத் திறக்கச் சொல்லித் தனியே ஒரு பாட்டுப் பாடவேண்டும்.

அந்தப் பாட்டில்தான் அவளுடைய எதிர்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. சிட்னியில் ஒரு வருடம் முறையாகக் குரல் பயிற்சி எடுக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஓபரா மேடையேறிய ஒரு கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். ஆனால் வீட்டில் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா என்றால் வேறு யாருமில்லை, எங்கள் தமிழ்ப் பூசைப் பாடற்குழுவின் தலைவர் சவிரிமுத்து அங்கிள்தான்.

அங்கிள் நல்ல மனிதர். கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமையில் எங்களை ஓட்டுவார். அவர் கையைத் தூக்கினால் நாற்பது பேர் மூச்சை இழுப்பார்கள். ஓபராவைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது, அதை எல்லோரிடமும் சொன்னார்.

"தம்பி, பாட்டெண்டால் நாலு பேர் சேந்து பாடோணும். இது தனிய நிண்டு கத்துறது. என்ன சொல்லிக் கத்துறாள் எண்டும் விளங்கேல்லை. இதுக்கு ஒரு வருசம் படிப்போ?"

நிலானி வேலை செய்கிறவள், உழைக்கிறவள், நினைத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பூசை முடிந்து நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள்.

"அப்பா ஒருக்கா வந்து நான் பாடுறதைக் கேட்டால் போதும் ஜெராட். கேட்டுப்போட்டு வேண்டாம் எண்டால் நான் போகேல்லை. கேளாமல் வேண்டாம் எண்டு சொல்றதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

"விளங்கேல்லை எண்டுதானே சொல்றார்," என்றேன். "அப்ப விளங்கப் பண்ணுவம்."

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஓபராவில் மேடைக்கு மேலே ஒரு திரை கட்டி, பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் வரி வரியாகப் போடுவார்கள். ஒரே ஒரு காட்சிக்கு மட்டும், ஞாயிறு பின்னேரம், தமிழில் போட்டால் என்ன? ஹெலனுக்குக் கேட்டவுடன் பிடித்துவிட்டது. நகரசபையும் ஊரிலுள்ள மற்றச் சனங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவரைக் கேட்டுக்கொண்டிருந்ததாம். பூசை முடிந்த கையோடு எங்கள் ஆட்கள் முழுப்பேரையும் மண்டபத்துக்குக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று.

நான் எழுத உட்கார்ந்தேன். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை ஹெலன் தந்திருந்தார். பொருளை மட்டும் வசனமாக எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நான் மன்னாரான். ஒரு மெட்டைக் கேட்டால் அதற்குள் சொல்லைக் கொண்டுபோய் வைக்காமல் இருக்க எங்களுக்கு வராது. ஊரில் எந்தச் சினிமாப் பாட்டு வந்தாலும் அடுத்த பெருநாளைக்குள் அது மாதா பாட்டாகிவிடும். நிலானி பாடிப் பதிந்து அனுப்பியதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, அசைக்கு அசை பொருந்தும்படி வேலைக்காரியின் பாட்டைத் தமிழில் கட்டினேன். ஆங்கிலத்தில் அவள் கிழவரை "கிழட்டு ஆந்தையே" என்று கூப்பிடுகிறாள். சவிரிமுத்து அங்கிள் வாசிக்கப்போகிறாரே என்ற பயத்தில் அதை "ஐயாவே" என்று மாற்றினேன். எழுதி முடித்தது இப்படி வந்தது:

சன்னலைத் திறந்துவிடும் ஐயாவே – எங்கள்
சன்னலைத் திறந்துவிடும் (2)
காற்றும் ஒளியும் உள்ளே வரட்டும்
பூட்டிய வீட்டின் புழுக்கம் தீரட்டும்

எனக்கு என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. பொருளும் சரி, மெட்டும் சரி. இதைத் திரையில் போடுவதற்குப் புதிதாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை, என் கணினியில் பூசைப் பாட்டுக்கான அமைப்புத் தயாராக இருந்தது. அதே நீல நிறப் பின்னணி, அதே மஞ்சள் எழுத்து. பழைய பாட்டை அழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். பல்லவியின் முடிவில், இரண்டு தரம் பாடவேண்டும் என்பதற்காகப் பூசைப் பாட்டுகளில் போடுகிற அந்த அடைப்புக்குறிக்குள் இரண்டு என்பதையும், கை தன்பாட்டில் போட்டுவிட்டது. ஒரு ஓபராவைப் பார்க்க வருகிறவன் எதையும் இரண்டு தரம் பாடவேண்டியதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்துவிட்டது. பூசை முடிந்து நேரே வந்தவர்கள், சேலையும் கோட்டுமாக, அதே குடும்பத்துக்குப் பக்கத்தில் அதே குடும்பம் என்று கோயிலில் இருப்பது போலவே அமர்ந்தார்கள். பாடற்குழு முழுவதும் மூன்றாம், நான்காம் வரிசைகளில். மூன்றாம் வரிசை நடுவில் சவிரிமுத்து அங்கிள், கையைக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவரைப் போல. அவருக்குப் பக்கத்தில் நிலானியின் அம்மா லூர்து அன்ரி, மடியில் இடைவேளைக்குச் சாப்பிட ரோல்ஸ் பெட்டி. நான் பக்கச் சுவரோரம் கணினியோடு.

தொடக்கம் நன்றாகவே போயிற்று. கிழவராக நடித்த தபால்காரர் பிரையன் பிரெஞ்சில் உறுமினார், எங்கள் ஆட்கள் தமிழில் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "எங்கட வீட்டு ஓனர் போல கிடக்கு," என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அங்கிளும் ஒரு தரம் சிரித்தார். நான் மேடைப் பக்கம் பார்த்து, நிலானிக்கு இது தெரியவேண்டுமே என்று தவித்தேன்.

பிறகு அவளுடைய பாட்டு வந்தது. கையில் துடைப்பத்தோடு முன்னால் வந்து நின்றாள். பியானோ நாலு அடி வாசித்தது. நான் பொத்தானை அழுத்தினேன். நீலத்தில் மஞ்சளாகப் பல்லவி விழுந்தது.

பாடற்குழுத் தலைவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. திரையில் தமிழில் பாட்டு வந்து, வாத்தியமும் தொடங்கினால், அவர்களுடைய கை அவர்களைக் கேட்காது. அங்கிளுடைய வலது கை மெல்ல உயர்ந்தது. மெட்டுத் தெரியாதா என்றால், இரண்டு மாதமாகக் குளியலறையிலிருந்து மகள் பாடுவதைக் கேட்டு ஒவ்வொரு நாளும் முறைப்பாடு சொன்னவர் அவர். அந்த மெட்டு அவருடைய எலும்புக்குள் போயிருந்தது. நிலானி பிரெஞ்சில் முதல் சொல்லை எடுத்த அதே கணத்தில், மூன்றாம் வரிசையிலிருந்து நல்ல கட்டைக் குரலில் "சன்னலைத் திறந்துவிடும் ஐயாவே" என்று கிளம்பியது.

தலைவர் கை தூக்கிவிட்டார், குழு என்ன செய்யும்? குழுவும் எடுத்தது. மற்றவர்களுக்கு மெட்டுப் பிடிபடச் சற்று நேரம் வேண்டியிருந்தது, அதற்குத்தான் நான் அந்த இரண்டைப் போட்டு வைத்திருந்தேனே. இரண்டாம் தரம் மண்டபம் முழுவதும் பாடியது. லூர்து அன்ரி இரண்டாங் குரல் போட்டார். பின்வரிசையில் கைதட்டித் தாளம் வந்தது. அங்கிள் எழுந்து நின்று, சபைப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் நடத்தத் தொடங்கிவிட்டார்.

நான் அப்போது செய்திருக்கவேண்டியது ஒன்றே ஒன்று. திரையை அணைத்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாக என் விரல் என்ன செய்தது தெரியுமா? ஞாயிறு தோறும் பழகியபடி, சனம் பல்லவியை முடிக்கும்வரை பொறுத்திருந்து, முடித்தவுடன் அடுத்த வரியைப் போட்டுக் கொடுத்தது. மேடையில் நிலானி எங்கே பாடுகிறாள் என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் "காற்றும் ஒளியும் உள்ளே வரட்டும்" என்று பாடினார்கள். "புழுக்கம் தீரட்டும்" என்று முடிக்கும்போது முன்வரிசை அன்ரி ஒருத்தர் சிலுவை அடையாளம் போட்டார். (பூசைப் பாட்டில் ஆண்டவரைக் கூப்பிடுவது போல ஐயாவே என்று எழுதினால் வேறென்ன நடக்கும்.)

அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். நிலானி பாடுவதை நிறுத்தியிருந்தாள். துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். அவள் இத்தனை நாள் கெஞ்சியது அப்பா தன்னை ஒருக்கால் கேட்கவேண்டும் என்று. அப்பா வந்துவிட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அவள் குரலை மூடி எல்லோரையும் பாடவைத்துக்கொண்டிருந்தார். இதைச் செய்தவன் நான்.

ஹெலன் கையைக் காட்டினார், பியானோ நின்றது. பாட்டுச் சிதறி, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அங்கிள் ஒருவர்தான் கடைசிச் சொல்லை ஒழுங்காக முடித்துவிட்டுத் திரும்பினார்.

நிலானி மேடை விளிம்புவரை வந்தாள். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. வீட்டில் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அப்பா, நான் பாடுறன்."

தனக்குத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, கிழவர் வேடத்தில் இருந்த பிரையன் தலையை ஆட்டினார். அங்கிள் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தூக்கியிருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நான் குனிந்து வயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது.

அவள் தொடக்கத்திலிருந்து பாடினாள். தமிழ் இல்லை, பொருள் இல்லை, ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது. கிழவரை அதட்டினாள், கேலி பண்ணினாள், மூச்சு முட்டுவதாக நடித்தாள், கடைசியில் குரல் உயரப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பிறகு இறங்கியது. எனக்குப் புல்லரித்தது. வெட்கமாகவும் இருந்தது. மூன்று வருடமாக இவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நாற்பது குரலுக்குள் இவளுடைய குரல் எது என்று நானும் ஒரு நாள் கூர்ந்து கேட்டதில்லை. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அங்கிள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் அதையும் விட்டுவிட்டார்.

இடைவேளையில் ஹெலன் என்னை நோக்கி வந்தார். கணினிக்குப் பின்னால் ஒளிய இடம் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இது உனக்கு யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். அந்தக் காலத்துப் பாரிசில் பெரிய அரங்குகளுக்குத்தான் பாட உரிமையாம். சந்தையில் நாடகம் போட்டவர்களைப் பாடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டைப் பெரிய அட்டையில் எழுதி மேலேயிருந்து இறக்கினார்கள். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த தெருப்பாட்டு மெட்டு. சனம் அட்டையைப் பார்த்துத் தானே பாடியது. நகைச்சுவை ஓபரா வளர்ந்ததே அப்படித்தானாம்.

"நான் முப்பது வருடம் இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்," என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஹெலன் போகும்போது திரும்பி, "ஆனால் அந்தப் பெண்ணின் பாட்டைக் கெடுத்துவிட்டாய்," என்றும் சொன்னார். வந்த உயிர் திரும்பிப் போயிற்று.

காட்சி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நிலானியைக் கண்டேன். வேடம் கலைக்கவில்லை, கன்னத்தில் சிவப்புச் சாயம்.

"அந்த ரெண்டை ஏன் போட்டனீங்கள்?"

"பழக்கத்தில கை போட்டிட்டுது."

"ஒரே ஒரு பாட்டு ஜெராட். ஒரே ஒரு பாட்டைத்தான் அவர் கேக்கோணும் எண்டு நினைச்சனான்," என்றாள். பிரெஞ்சுச் சரித்திரத்தை அவளுக்கு எடுத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

அப்போது அங்கிள் வந்தார். பின்னால் லூர்து அன்ரி காலி ரோல்ஸ் பெட்டியோடு. அங்கிள் மகளைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் பேசினார்.

"தம்பி, நாலாம் வரி தாளத்துக்கு நிக்கேல்லை."

"ஓம் அங்கிள்."

"ஐயாவே எண்டு போட்டது பிழை. அவள் கெஞ்சேல்லை, கிழவனை ஏசுறாள். நீர் எழுதினதை வாசிச்சு எனக்கு விளங்கேல்லை. அவள் பாடேக்கதான் விளங்கினது."

அங்கிள் காரின் கதவைத் திறந்தார், திரும்ப மூடினார்.

"சிட்னியில பரமட்டாப் பக்கம் எங்கட ஆக்கள் இருக்கினம் தானே? தமிழ்ப் பூசையும் நடக்குதாம்."

"ஓம் அப்பா," என்றாள் நிலானி.

"பூசைக்குப் போ. பாடற்குழுவில சேராத."

"ஏன் அப்பா?"

"சேந்தால் உன்ர குரலை ஒருத்தரும் கேக்க மாட்டினம்," என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். வாழ்நாள் முழுவதும் சேர்ந்து பாடுவதுதான் பாட்டு என்று சொன்ன மனிதர். நிலானி காரின் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதாள். லூர்து அன்ரி எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு டிஷ்யூவை நீட்டினார், யார் எடுப்பது என்று தெரியாமல் நான் எடுத்துவிட்டேன்.

அவள் சிட்னிக்குப் போனாள். சிட்னியில் மெல்பேர்னைவிட வெயில் அதிகம், ஏசி அதிகம் பழுதாகும் என்று எல்லோரிடமும் காரணம் சொல்லிக்கொண்டு நானும் போனேன். ஒருவரும் நம்பவில்லை. அவள் என்னை மன்னிக்க எடுத்த காலத்தையும், பிறகு கட்டிக்கொள்ள எடுத்த காலத்தையும் கூட்டினால் ஒரு ஓபரா எழுதலாம். அங்கிளும் அன்ரியும் எனக்கு மாமாவும் மாமியுமாகி, பேரப்பிள்ளைகள் பிறந்தபின் எங்களோடு வந்துவிட்டார்கள். மாமா நிலானியின் எல்லாக் காட்சிகளுக்கும் வருவார். அவள் பாட எழும்பும்போது மாமி அவருடைய வாய்க்குள் ஒரு ரொபி மிட்டாயைப் போட்டுவிடுவார்.

ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்துப்போனது அந்த ஒரு வசனம். யாராவது பேசும்போது குறுக்கே விழுந்தால், பேசுகிறவர் கையைக் காட்டி, "நான் பாடுறன்" என்பார். சின்னவன் பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது சொல்வான், மாமி மீன்காரனோடு ஃபோனில் பேரம் பேசும்போது சொல்வார். பிள்ளைகள் ஆங்கிலத்திலும் சொல்வார்கள்.

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இளம் டொக்டர் ஒருவர் வந்தார். மாமாவுக்கு ஆங்கிலம் போதாது என்று அவராகவே முடிவெடுத்து, கட்டிலுக்கு மேலால் எங்களோடு மட்டும் பேசினார். எப்போது வலித்தது, எங்கே வலித்தது, என்ன சாப்பிட்டவர் என்று அவர் கேட்கக் கேட்க, நானும் நிலானியும் மாறி மாறிப் பதில் சொன்னோம். நடுவில் படுத்திருந்த மனிதரை மூன்று பேரும் பார்க்கவில்லை. மாமா இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையை மெல்ல உயர்த்தினார்.

"டொக்டர்," என்றார். "ஐ ஆம் சிங்கிங்."

டொக்டர் உடனே சின்ன டோர்ச்சை எடுத்து அவருடைய கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். இன்றைக்கு என்ன நாள், இது எந்த ஊர் என்று கேட்டார். நிலானி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவருக்கு விளங்கப்படுத்தினாள். டொக்டர் டோர்ச்சைச் சட்டைப் பையில் வைத்தார். மூலையிலிருந்த கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, மாமாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். மாமா வலி தொடங்கியதிலிருந்து தன்னுடைய ஆங்கிலத்தில் ஆறஅமரச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை நாங்கள் வாயே திறக்கவில்லை.